நாய்ப் புத்தகமும் நேர்த்திக் கிடாயும்

என் வீட்டில் பேரப்பிள்ளைகள் வாங்கிப் போட்ட புத்தகம் ஒரு பீரோ நிறைய இருக்கிறது. அதில் ஒன்றைக்கூட யாரும் இரண்டாம் தடவை திறந்து நான் பார்த்ததில்லை. நான் முழுதாகப் படித்தது ஒரே ஒரு புத்தகம். எத்தனை தடவை என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஊரெல்லாம் பத்துப் பத்து அடி தோண்டிப் பார்க்கிறவனுக்கு மண்தான் கிடைக்கும். ஒரே இடத்தில் இறங்கிக்கொண்டே போகிறவனுக்குத்தான் ஊற்று. தண்ணீர் விற்று மூன்று மாடி கட்டியவன் சொல்கிறேன், சரியாகத்தான் இருக்கும்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அருப்புக்கோட்டை பஜாரில் மூட்டை இறக்கினேன். பிறகு கைவண்டி இழுத்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது சினிமாப் போஸ்டரில். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிப்பேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் படம் எப்போது மாறும் என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

அந்த நாளில், எண்பதுகளின் தொடக்கம், மாதா கோயில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு டீச்சரம்மா மாற்றலாகிப் போனார்கள். சாமான்களை லாரி செட்டுக்கு நான்தான் இழுத்தேன். கட்டிலைத் தூக்கினால் ஒரு காலுக்கு அடியில் அண்டக் கொடுத்த புத்தகம் ஒன்று கிடந்தது. அட்டை இல்லை. முதல் இருபது பக்கத்துக்குக் கட்டில் கால் வட்டமாக அழுத்தின பள்ளம். வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றேன். படிப்பாயா என்று கேட்டார்கள். கூலிக்கு இழுக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? படிக்காமல் என்ன, கட்டிலுக்கா கொடுப்பேன் என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. மலை மேல் ஒரு சின்ன ரயில் நிலையம். அதில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், ஒண்டிக்கட்டை. மழைக்கு ஒதுங்கிய நாய் ஒன்று அவரோடு தங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு அவரும் நாயும், நாயும் அவரும். அவ்வளவுதான். காலை ரயில் போனதும் நிலையத்துக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் நாயைக் குளிப்பாட்டுவார். சோப்புப் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி அலசுவார். நாய் உடனே உடம்பைச் சிலுப்பாது. அவர் தள்ளிப்போய் நின்றுகொண்டு ஒரு விசில் அடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சிலுப்பும். இல்லாவிட்டால் அவர் போட்டிருக்கிற வெள்ளை உடுப்பு என்ன ஆவது?

அந்தப் பக்கத்தை முதல் தடவை படித்தபோது அது முழுப் பொய் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் குழாயடியில் ஒரு குடத்துக்காக மண்டை உடையும். அங்கே ஒருவன் நாய்க்குத் தினமும் ஓடுகிற தண்ணீரில் குளியல் நடத்துகிறான். அடுத்த தடவை படித்தபோது பொறாமையாக இருந்தது. அதற்கும் அடுத்த தடவை அந்த ஸ்டேஷன் மாஸ்டர் செய்கிற தப்புகளைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். நிறையவே செய்கிறார். நாயை நம்பி சிக்னல் அறையைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறார். நான் அப்படிக் கைவண்டியை விட்டுவிட்டுப் போவேனா?

கல்யாணமான பிறகு என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, காது மட்டும் நாலு பேருக்கு உள்ளது. ஒவ்வொரு வருசமும் அதே இடத்தில் அதே கேள்வி கேட்பாள்.

"அந்த மனுசனுக்கு ஒருத்தியக் கட்டி வைக்க ஊருல நாதியில்லையா? நாய்க்கு உள்ள பவுசப் பாரு."

அவரை விட்டுவிட்டு நாயைக் கவனி என்பேன். நாயைத்தான் கவனிக்கிறேன், அதற்குத்தான் கோபம் என்பாள்.

கைவண்டி மாட்டுவண்டி ஆயிற்று, மாட்டுவண்டி டிராக்டர் ஆயிற்று. பாலவனத்தத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் ஒரு துண்டு நிலம் வாங்கி போர் போட்டேன். அங்கே உப்புத் தண்ணீர்தான் வரும், அதுவும் வந்தால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். முக்கியமாக என் பெரியப்பா மகன் சொன்னார். எங்கள் பங்காளிகளில் மூத்தவர், கோயில் காரியத்துக்குத் தலை அவர்தான். கல்லைக் குடைந்து காசைக் கரியாக்குகிறான் என்று ஊர் முழுக்கச் சொன்னார். நான் எங்கள் குலசாமி கருப்பனிடம் சொன்னேன்: நல்ல தண்ணீர் கொடு, கிடா தருகிறேன். கருப்பன் கொடுத்தார். இளநீர் மாதிரித் தண்ணீர். டிராக்டருக்குப் பின்னால் டேங்கர் ஒன்று மாட்டினேன். எம்.ரெட்டியபட்டியில் கல்யாணமா, திருச்சுழியில் வீடு கட்டுகிறார்களா, என் டேங்கர் போகும். சமையல்காரர்களே என் தண்ணீர் என்றால்தான் சாம்பார் வைப்போம் என்று சொன்ன காலம் அது.

நேர்த்திக்கு ஒரு கறுப்புக் குட்டியை வாங்கி விட்டேன். எங்கள் கோயில் கும்பிடு வருசா வருசம் கிடையாது. பங்காளிகள் கூடிப் பேசி வைக்கிற பங்குனியில்தான். அதுவரை குட்டி வளர வேண்டும். போர் செட்டுப் பக்கத்திலேயே கட்டியிருந்தேன். டேங்கர் நிரம்பி வழிகிற தண்ணீர் அதன் மேல் விழும். முதல் நாள் பயந்து கத்தியது. பிறகு வழியும் இடத்தைத் தேடி அதுவே போய் நின்றது.

அந்த வருசமும் புத்தகத்தைத் திரும்ப எடுத்திருந்தேன். மோட்டார் ஓடும்போது வேறு வேலை இல்லை, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படிப்பேன். ஓடையில் குளிக்கிற பக்கம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே கிடா நனைந்துகொண்டு நிற்கிறது. எனக்குள் ஒரு வேகம் வந்தது. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் என்ன பெரிய ஆள்? அவருக்கு ஓடை சர்க்கார் ஓடை. எனக்குச் சொந்தத் தண்ணீர். போய் என் மனைவியின் சோப்பை எடுத்து வந்தேன்.

அவள் அன்றைக்குப் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆனால் கிடா காய்ந்து பளபளவென்று நின்றதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். நாலு நாளில் அவளே தேய்க்க ஆரம்பித்தாள். எனக்குத் தேய்க்கத் தெரியவில்லையாம், காதுக்குப் பின்னால் அழுக்கு நிற்கிறதாம். விசில் மட்டும் என்னுடையது. அலசி முடித்ததும் தள்ளி நின்று அடிப்பேன். முதலில் அது என்னைப் பார்த்து விழித்தது. புத்தகத்தில் போட்டிருந்தபடி, சிலுப்பும்போதெல்லாம் விசிலடித்து, பொட்டுக்கடலை கொடுத்து, கடைசியில் விசிலடித்தால்தான் சிலுப்பும் என்கிற நிலைக்குக் கொண்டுவந்தேன். நாய்க்கு எழுதி வைத்ததை ஆட்டுக்கு நடத்திக் காட்டியவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் கோயிலில் கிடாயைச் சும்மா வெட்ட மாட்டார்கள். மாலை போட்டு நிறுத்தி, பூசாரி அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி சரி என்று சொல்லிவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் சாமி ஏற்கவில்லை, கொடுக்கிறவன் பேரில் ஏதோ குத்தம். எங்கள் வறண்ட காட்டில் மேய்கிற ஆடு தண்ணீர் பட்ட மாத்திரத்தில் சிலுப்பிவிடும். அது வாழ்நாளில் தண்ணீரை வாயால் மட்டுமே அறிந்தது. அதனால் இந்த வழக்கத்தில் யாருக்கும் எப்போதும் பிரச்சினை வந்ததில்லை. என்னுடையது சோப்புப் போட்டு வளர்ந்த கிடா என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கும்பிடு நெருங்க நெருங்க என் மனைவி அதை இரண்டு வேளை குளிப்பாட்டினாள். அவளுக்கு உறைத்திருந்ததா என்று இன்றுவரை கேட்டுப் பார்க்கிறேன். வெத்தலை மென்றுகொண்டு வேறு பக்கம் பார்க்கிறாள்.

கும்பிடு திருச்சுழிக்கு அப்பால் எங்கள் பூர்வீகப் பொட்டலில். பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். டேங்கர் நிறைய நல்ல தண்ணீர் கொண்டுபோய் நிறுத்தினேன். அண்டா காய்கிறது, மசாலா அரைத்தாகிவிட்டது. அந்த வருசக் கிடா என்னுடையது என்பதால், அடுத்த கும்பிடில் எனக்குத் துண்டு கட்டி மரியாதை செய்யலாம் என்று பேச்சு இருந்தது. அதற்கு மனசு ஒப்பாதவர் ஒருவர்தான், போர் போட்டபோது சிரித்த அந்தப் பெரியப்பா மகன், என் அண்ணன். கிடாயைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தண்ணி வித்த காசுல வாங்குன கெடால்ல. அதான் இம்புட்டு மினுக்கு" என்றார்.

பூசாரி ஊற்றினார். கிடா நின்றது. இன்னொரு செம்பு. நின்றது. மூன்றாவது செம்புக்குக் கழுத்தை நீட்டிக் கொடுத்தது. அடுத்த செம்புக்கு, நாங்கள் தேய்க்கிற வழக்கப்படி, முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது. பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பூசாரி காதில் ஊற்றினார், முதுகில் பூவை வைத்து ஊற்றினார், கருப்பனைத் திட்டிக்கொண்டே ஊற்றினார். அந்தக் கிடா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, காசு கொடுத்துக் குற்றாலத்துக்குப் போனவன் மாதிரி நின்றது.

என் அண்ணன் முன்னால் வந்தார்.

"ஏலே, குத்தம் இருக்குலே. பூமி சும்மா குடுத்த தண்ணிய நீ அளந்து வித்தே. சாமி கணக்குக் கேக்கு."

அவ்வளவுதான், ஆளாளுக்குக் குத்தம் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் வீட்டுச் சடங்குக்கு டேங்கர் பந்தி முடிந்த பிறகு வந்ததாம். ஒருவர் குடித்த தண்ணீரில் டீசல் வாடையாம். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஆனால் கிடா அசையாமல் நின்றுகொண்டே இருந்தது. கைவண்டி இழுத்த காலத்தில்கூட யாரும் என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. ஒரே ஒரு விசில் அடித்தால் போதும். கிடா சிலுப்பும், குத்தம் போகும், என் பேர் நிற்கும். உதட்டைக் குவித்தேன்.

எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. என் மனைவி ஒரு கை சர்க்கரைப் பொங்கலை என் வாயில் திணித்தாள்.

"சாமிக்குப் படைச்சது. கோவத்துல நிக்காதீக, முழுங்குங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

வாய் நிறையப் பொங்கலோடு எவனாலும் விசிலடிக்க முடியாது, சந்தேகமிருந்தால் செய்து பாருங்கள். நான் மென்றேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள், அடுத்த கையிலும் பொங்கல் இருந்தது. விழுங்கி முடித்த பிறகும் பூசாரி இரண்டு செம்பு ஊற்றினார். விசிலடிக்க நேரம் இருந்தது. அடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பொங்கலில் நெய் நன்றாக இருந்தது என்று சொல்வேன்.

சாமிக்கு இந்தக் கிடா வேண்டாம் என்று பூசாரி சொல்லிவிட்டார். அண்டா காய்கிறதே, என்ன செய்வது? என் அண்ணன் பொட்டலை ஒட்டியிருந்த தன் தொழுவிலிருந்து ஒரு கிடாயை அவிழ்த்து வந்தார். முதல் சொட்டு விழுவதற்குள், செம்பைப் பார்த்தே அது நடுங்கிச் சிலுப்பியது. கூட்டம் குலவையிட்டது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

குத்தம் என்கிற சொல் லேசானதில்லை. அது டேங்கருக்கு முன்னால் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சாமி ஒதுக்கிய ஆளின் தண்ணீரில் கல்யாணச் சமையலா என்று இரண்டு வீட்டில் வேறு டேங்கர் சொல்லிவிட்டார்கள். துண்டு கட்டுகிற பேச்சு நின்றுபோயிற்று. டீக்கடையில் என் அண்ணன் இதைச் சொல்லாத நாள் இல்லை. குளிக்கிற கிடா ஐயா அது, சாமிக்கும் எனக்கும் சண்டை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சொன்னால் என்ன ஆகும்? ஒரு வருசம் குளிப்பாட்டாமல் கட்டிப்போட்டு, திரும்ப ஓட்டிக்கொண்டு வா என்பார்கள். ஆகவே நானும் அவளும் வாயைத் திறக்கவில்லை. கிடா மட்டும் தினமும் குளித்துக்கொண்டிருந்தது.

கோடை முற்றியது. என் அண்ணனின் கிணறு வற்றியது. மாடுகளுக்குத் தண்ணீர் வேண்டுமே, வெட்கத்தை விட்டு, டேங்கர் கேட்டு ஒரு காலை நேரத்தில் போர் செட்டுக்கு வந்துவிட்டார். வருவதற்கு முன் குரல் கொடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நான் அலசி முடித்து, தள்ளி நின்று, விசிலடித்தேன். கிடா சிலுப்பியது. தண்ணீர் போய்த் தெறித்தது யார் வேட்டியில் என்று திரும்பிப் பார்த்தால் அவர் நிற்கிறார்.

வேட்டியை உதறினார். பிறகு கேட்டார்.

"இதயாலே அன்னைக்கு மறைச்சே?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? பங்காளிகளைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லப்போவதாகவும், அடுத்த கும்பிடுக்குள் அந்தக் கிடாயைத் தன் தொழுவில் கட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படாமல் வளர்த்து, தானே ஓட்டிக்கொண்டு போகப்போவதாகவும் சொன்னார். கயிற்றையும் பிடித்துவிட்டார். என் மனைவி குறுக்கே வந்தாள்.

"மச்சான், அவுகளத் திட்டி என்ன செய்ய. எல்லாம் பொஸ்தகத்துல போட்டிருக்கு. உக்காந்து கேளுங்க, பொறவு அவுத்துட்டுப் போங்க."

எந்தப் புத்தகத்தில் ஆட்டைக் குளிப்பாட்டச் சொல்லியிருக்கிறது என்று கேட்டார். அவர் ஒரு எழுத்து அறியாதவர். ஆனால் எழுதி வைத்ததென்றால் ஒரு பயம் உண்டு. பத்திரம் படிக்கக் கேட்கிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டு, மழைக்கு ஒதுங்கிய நாயிலிருந்து ஆரம்பித்தேன்.

அந்தத் தடவை படித்த மாதிரி நான் எந்தத் தடவையும் படித்ததில்லை. எத்தனையோ முறை போய் வந்த பாதை, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று எனக்குத் தெரியும். ஆள் எங்கே சிரிப்பார், எங்கே வாயைப் பிளப்பார் என்று பார்த்துப் பார்த்து நிறுத்தினேன். சிக்னல் அறை திறந்து கிடக்கிற இடத்தில் அவர் எழுந்தே நின்றுவிட்டார். கூறுகெட்ட மனிதன், வேலை போய்விடுமே என்று ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டினார். நாய் காணாமல் போகிற இடம் வந்ததும் டேங்கர் நிரம்பியது. மூடிவிட்டேன்.

"என்னலே மூடிட்டே?"

லோடு போக வேண்டும் என்றேன். நாய் கிடைத்ததா இல்லையா, அதை மட்டும் சொல் என்றார். அதெல்லாம் வரிசையாகப் படித்தால்தான் தெரியும் என்றேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கிடாயை விட்டுவிட்டு நாளை வருவதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மாட்டுக்குத் தண்ணீர் என்று பேர். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, வெயிலில் நடந்து வந்து, கிடாய்க்குக் கையில் அகத்திக் கொத்து வேறு. அவர் பிள்ளைகள் படித்தவர்கள்தான், சிவகாசிப் பக்கம் வேலையில் இருந்தார்கள். அவர்களை வாசிக்கச் சொல்லலாம் என்றால் புத்தகத்துக்கு அட்டையுமில்லை, பேருமில்லை, எந்தக் கடையில் போய் என்னவென்று கேட்பார்? ஊரில் ஒரே நல்ல தண்ணீர் ஊற்று என்னிடம் இருந்தது. ஒரே நாய்க் கதையும் என்னிடம்தான் இருந்தது. தாகம் எடுத்தவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது எனக்குப் பழகின தொழில்.

நாய் கிடைத்தது. அதற்கு வயசானது. ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ரிட்டயர்மெண்டு வந்தது. ரயில் ஏறிப் போக வேண்டும், நாயை வண்டியில் ஏற்ற விதியில்லை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மிச்சம் ஒரே ஒரு அத்தியாயம். அன்றைக்கு மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, டேங்கர் பாதிகூட நிரம்பவில்லை. இருந்தும் மூடினேன்.

"அண்ணே, நம்ம பங்காளிக எல்லாரும் ஆடி அமாவாசைக்குக் கூடுறாகல்ல" என்றேன்.

அதற்கென்ன என்றார். அங்கே வைத்து, என் பேரில் குத்தம் இல்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். கிடா சங்கதி அவர் வாயிலிருந்து வரக்கூடாது. அப்போதுதான் கடைசி அத்தியாயம் என்றேன். மனிதர் முகம் கறுத்துவிட்டது. நாய்க்கதைக்காகப் பொய் சொல்லச் சொல்கிறாயா என்று கத்தினார். பொய் சொல்ல வேண்டாம், என்னிடத்தில் குத்தம் இல்லை என்பது மெய்தானே, அவரே கண்ணால் பார்த்தாரே என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நன்றாக வந்துகொண்டிருந்த மனிதரை விரட்டிவிட்டேனாம், இனி கயிற்றோடு வருவாராம்.

அமாவாசை வரை அவர் வரவில்லை. கூட்டத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். கணக்கு வழக்கெல்லாம் பேசி முடித்த பிறகு அவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். என்னைப் பார்க்கவேயில்லை, கோயில் மணியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தண்ணிக்காரத் தம்பி பேருல குத்தம் ஒண்ணுமில்ல. நான் தீர விசாரிச்சுட்டேன். சாமிக்கு அந்தக் கெடாயப் பிடிச்சுப்போச்சு, உசுரோட இருக்கட்டும்னு விட்டுருச்சு. இனி எவனும் அதத் தொடப்படாது."

இவ்வளவு நான் கேட்கவில்லை. தொடக்கூடாது என்பது அவராகச் சேர்த்தது. எப்படி விசாரித்தார் என்று ஒருவன் கேட்டான். மூத்தவன் சொன்னால் கேள்வி கேட்பாயா என்று அவனை உட்கார வைத்துவிட்டார். அடுத்த முகூர்த்தத்துக்கு என் டேங்கர் எங்கெல்லாம் போனது என்பதைச் சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பீர்கள். எல்லா இடத்துக்கும் போனது.

அன்றைக்கு மத்தியானமே, சாப்பிட்ட கை காய்வதற்குள், வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார். கிடா அவர் மடியை முகர்ந்துகொண்டு நின்றது. நான் கடைசி அத்தியாயத்தை ஒரு எழுத்துவிடாமல், இழுக்காமல், நிறுத்தாமல் வாசித்தேன். முடிந்தது. என் மனைவி வழக்கம்போல ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பெண் பார்க்காத ஊரைத் திட்டினாள். அண்ணன் ஓடுகிற மோட்டாரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்புகிறார் என்று நினைத்தேன். துண்டைத் திரும்ப எடுத்து, மடித்து, அதன் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"மொதல்லருந்து வாசி" என்றார்.

"அதுக்கு வேற வெல, அண்ணே" என்றேன்.

"சொல்லித் தொலை" என்றார்.